மருந்தேந்தும் நுண்குமிழ்

எண்ணெய்க் கறையைத் தனிநீர் போக்காது; சவர்க்காரம் போக்கும். காரணம் யாதெனின், அதன் மூலக்கூறு ஒருமுனையால் நீரையும் மறுமுனையால் எண்ணெயையும் நாடும். ஆதலின் அவை பல ஒருங்குகூடி, எண்ணெயை உள்ளடக்கி நீரில் மிதக்கும்.

இவ்வியல்பே மருத்துவத்திற்கும் துணையாயிற்று. பூஞ்சை நோய்க்கும் காலா அசாருக்கும் உரிய ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்து நீரிற் கரையாது. 1950-களில் அதனைப் பித்த உப்பொன்றோடு கூட்டி இரத்தக்குழாயிற் செலுத்தினர். நோய் தணிந்தது, ஆயினும் சிறுநீரகம் நலிந்தது.

பின்னர், 1960-களில் அலெக் பாங்ஹாம் ஆராய்ந்து கண்ட கொழுப்புக்குமிழின் இருபடைச் சுவரில் அம்மருந்தைப் பொதிந்தனர். அக்கொழுப்பும் சவர்க்காரம்போல் இருமுக இயல்புடையதே. மில்லிமீட்டரில் 10,000-இல் ஒரு பங்கினும் சிறிய அக்குமிழைக் கல்லீரல், மண்ணீரல்களின் விழுங்கணுக்கள் ஏற்கும். காலா அசார்க் கிருமி உறைவதும் அவற்றுள்ளேயாம். சிறுநீரகத்திற்கு நேரும் தீங்கோ பெரிதும் குறையும். 1997-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது.

நன்மருந்தும் ஏற்ற கலத்தில் இடாவிடின் தீங்கு விளைக்கும் என்பதை மாணவர் நினைவிற் கொள்வாராக.