கோல் மார்க்கெட்டில் வட்டமும் கோலும்

புது தில்லியில் கன்னாட் பிளேஸுக்கு மேற்கே 1921-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற சந்தைக் கட்டடம் ஒன்று உளது. அதன் பெயராலேயே அப்பகுதி கோல் மார்க்கெட் என வழங்கிவருகிறது. கோல் என்னும் இந்திச் சொல்லுக்கு வட்டம் என்பது பொருள். தமிழ்ச் சிறுவனுக்கோ கோல் என்றால் கம்பு. அண்மையில் மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருப்பதால், இவ்விரு பொருள்களையும் ஒருங்கே அறிந்த பிள்ளைகள் இங்குக் குறைவல்லர். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் கணக்கையும் விஞ்ஞானத்தையும் செய்து கற்பிக்க இவ்விரண்டும் போதும்: ஒரு வட்டம், ஒரு கம்பு.

முதலில் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வட்டச் சந்தை. ஆனால் கட்டடம் வட்டமன்று. அதற்குப் பன்னிரண்டு பக்கங்கள். ஓரிடத்தில் நின்று பார்த்தால் சில பக்கங்களே தெரியும். சுற்றிலும் வண்டிகள் ஓயாது ஓடும் சாலையாதலால், பிள்ளைகள் வெளிப்புற நடைபாதையிலிருந்தே குழுக் குழுவாக நின்று எண்ணுதல் வேண்டும். சுவர்களை அளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பக்கமுள்ள உருவம் ஏன் வட்டமாகத் தோன்றுகிறது என்னும் கேள்வியோடு அவர்கள் பள்ளிக்குத் திரும்பினாற் போதும்.

திடலில் ஒரு முளையை அடித்து, 1 மீட்டர் கயிற்றால் வட்டம் வரையவேண்டும். அதே நீளத்தை வட்டத்தின் மீது நாணாக வைத்து வைத்துச் சென்றால் ஆறாவது முறையில் தொடங்கிய இடமே வந்துசேரும். இதனை முன்கூட்டிச் சொல்லிவிடும் ஆசிரியர் மாணவருக்குரிய மகிழ்ச்சியைத் தாமே எடுத்துக்கொண்டவராவார். ஆறு முளைகளைச் சுற்றிக் கயிறு கட்டினால் 6 மீட்டர். ஒவ்வொரு வில்லையும் இரண்டாகப் பகுத்துப் பன்னிரண்டு முளைகள் அடித்துச் சுற்றினால் ஏறத்தாழ 6 மீட்டர் 21 செ.மீ. வட்டக்கோட்டின் மீதே கயிற்றை வளைத்து வைத்தால் 6 மீட்டர் 28 செ.மீ. விட்டம் 2 மீட்டராதலால், வகுத்துப் பார்க்கையில் 3, 3.1, 3.14 என்று எண்கள் ஏறிவருவதைக் காணலாம். வட்டச் சந்தை வட்டத்துக்கு எவ்வளவு அணுக்கமானது என்பதற்கு இதுவே விடை. விட்டம் 20,000 ஆயின் பரிதி 62,832-ஐ அணுகும் என்று கி.பி. 499-இல் ஆரியபட்டர் கூறியதை இதற்குப் பின் சொல்வதே பொருத்தம். ‘அணுகும்’ என்று அவர் சொன்னதன் கருத்து அப்பொழுதுதான் விளங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒரு பக்கத்தை மட்டும் அளந்து பன்னிரண்டால் பெருக்கினால், 1 செ.மீ. பிழை 12 செ.மீ. ஆகிவிடும். கயிற்றைச் சுற்றி ஒரே தடவையில் அளப்பது மேல்.

குழுக்களின் விடைகள் ஒன்றாக இரா. இதற்காக அஞ்சவேண்டுவதில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானப் போதனைத் திட்டம் ஒன்று தொடங்கியது. ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும் கிஷோர் பாரதி என்னும் அமைப்பும் அதனைத் தொடங்கின; தில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பலரும் துணைநின்றனர். நால்வர் கொண்ட குழுக்கள் தாமே சோதனை செய்து, கண்ட அளவுகளைக் கரும்பலகையில் எழுதி, வேற்றுமைக்குக் காரணம் தேடின. தேர்வில் புத்தகத்தைப் பார்த்தே எழுத இடமிருந்தது. 1978-இல் மாவட்டம் முழுமைக்கும் பரவிய அத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் முடித்துக்கொண்டது. ஒத்துவராத அளவை அழித்துத் திருத்தாமல் கரும்பலகையிலேயே நிற்கவிடும் அதன் வழக்கம், இனி வரும் பாடத்துக்கு இன்றியமையாதது.

இப்பொழுது கம்பு. நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் என்று பெரியோரும் சிறியோரும் வாய்ப்பாடமாகச் சொல்வதுண்டு. கோல் மார்க்கெட்டில் அது ஆண்டில் ஒரு நாளும் நிகழ்வதில்லை. தில்லி ஏறத்தாழ 28.6 பாகை வட அட்சத்தில், கடக ரேகைக்கு வடக்கே உள்ளது. தரைக்கு மேல் 1 மீட்டர் உயரமாக நட்ட கம்பின் நண்பகல் நிழல் மார்ச் 21-இல் சுமார் 54 செ.மீ., ஜூன் 21-இல் 9 செ.மீ., டிசம்பர் 21-இல் 128 செ.மீ. அளந்த சிறுமி, “நிழல் இருக்கிறதே, ஐயா” என்று சொல்லும் நேரமே இப்பாடத்தின் உயிர். ‘அது இருக்கட்டும், தேர்வில் இப்படி எழுது’ என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், தன் கண்ணைவிடப் பிறர் சொல்லே மெய் என்பதை அவள் கற்றுக்கொள்வாள். அதனைப் பின்னர் மாற்றுவது எளிதன்று.

செய்முறையில் கவனிக்கவேண்டியன சில. கம்பைத் தூக்கு நூலால் செங்குத்தாக நிறுத்தி, தரையை ரசமட்டத்தால் சரிபார்க்க வேண்டும். நிழலின் நுனி கூர்மையாக இராது. சூரியன் ஒரு புள்ளியன்று, தட்டு ஆதலால், நுனி ஏறத்தாழ 1 செ.மீ. அகலத்துக்கு மங்கி நிற்கும். கம்பின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையைப் பொருத்தினால் தரையில் வட்டமான ஒளிப்பொட்டு விழும். அதன் நடுவைக் குறித்துக்கொள்ளலாம். அப்பொழுது துளையின் உயரமே கம்பின் உயரமாகும். கடிகாரம் 12 காட்டும்பொழுது நண்பகல் என்று கொள்ளுதலும் தவறு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. தில்லி அதற்கு மேற்கே இருப்பதால் மார்ச் 21-இல் நண்பகல் 12 மணி 28 நிமிடத்துக்கு வரும். 12 மணி முதல் 1 மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தால், மிகக் குறுகிய நிழல் தானே தெரியும். அது காட்டும் திசை வடக்கு. நம் சிற்ப நூல்கள் திசை காண நடச்சொல்லும் சங்கு இத்தகைய கம்பே.

தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மற்றொரு வசதியும் உண்டு: சென்னையில் உறவினர் இருப்பர். அங்கே ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் கம்பின் நண்பகல் நிழல் அதன் அடியிலேயே மறையும். இடைப்பட்ட நாள்களில் தெற்கே விழும். ஆகவே சென்னைப் பாட்டி சொன்னதும் ஆண்டில் இரு நாள்களுக்கு மெய்யே. மார்ச் 21-இல் இரண்டு ஊர்களிலும் அவ்வவ்வூர் நண்பகலில் 1 மீட்டர் கம்பை அளந்தால், சென்னையில் 23 செ.மீ. வரும். இரு முக்கோணங்களையும் தாளில் அளவுப்படி வரைந்து கோணமானியை வைத்தால், உச்சிக் கோணங்கள் 13 பாகையும் 28½ பாகையுமாகும், வேறுபாடு 15½. தில்லிக்கும் சென்னைக்கும் வடக்குத் தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 1,720 கி.மீ. இதனை 360-ஆல் பெருக்கி 15½-ஆல் வகுக்க, பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. அளவில் வந்து நிற்கும். கிரேக்கரான எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் கையாண்ட வழி இதுவே.

தில்லி நிழலில் 1 செ.மீ. குறைவாக அளந்துவிட்டால் பூமி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பெருத்துவிடும். எக்குழுவின் பூமி பெருத்தது, எதனுடையது சிறுத்தது என்று கரும்பலகையில் எழுதி, நிழல் அளவை மறுபடி பார்க்கச் செய்யலாம். வாய்ப்புள்ளோர் அருகிலுள்ள ஜந்தர் மந்தருக்கும் சென்றுவரலாம். அரசர் ஜெய்சிங் 1724-இல் அமைத்ததாகக் கூறப்படும் அவ்விடத்துச் சம்ராட் எந்திரத்தின் சாய்ந்த விளிம்பு, தரையோடு ஆக்கும் கோணம் தில்லியின் அட்ச அளவே. பிள்ளைகள் தாளில் வரைந்த 28½ பாகையை அங்கே கல்லிலும் சுண்ணத்திலும் ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் காண்பர்.