ஊரின் வரலாறும் ஒரு சொத்து



தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் பத்து வயதுச் சிறுவனிடம், "உங்கட ஊர்க் குளம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டேன். "அது அம்மம்மாவுக்குத்தான் தெரியும், சுவாமி" என்றான். அந்த அம்மம்மாவின் காலத்துக்குப் பிறகும் குளம் இருக்கும். அது எங்களுடையது என்று விவரம் சொல்ல ஆள் இராது. ஆகவே, ஊரின் வரலாற்றை எவ்வாறு தேடி எழுதி வைப்பது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. முள்ளிக்குளம்

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரிவில், வில்பத்துக் காட்டை அண்டிய கரையோரக் கிராமம் முள்ளிக்குளம். பெயரே குளத்தின் பெயர். மாரி மழையைக் குளங்களில் தேக்கி நெல் விதைத்தார்கள். கடலில் கரைவலை இழுத்தார்கள். காட்டோரத்தில் மாடு வளர்த்தார்கள். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுத்தது. ஊரின் நடுவே பரலோக மாதா ஆலயமும் பாடசாலையும் இருந்தன.

2007 செப்டெம்பரில் போர் நெருங்கியபோது மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அவ்விடத்தில் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. 2012இல் திரும்பிய குடும்பங்கள் அருகிலுள்ள மலங்காட்டில் கொட்டில் போட்டுத் தங்கின. 2017 மார்ச்சில் மக்கள் தொடர் போராட்டம் தொடங்கினர். ஏப்ரல் 29ஆம் திகதி, முதற்கட்டமாக 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அது ஊர் முழுவதும் அல்ல. எனினும், தமது வீடு, கிணறு, குளம், வலைப்பாடு எவையெவை என்று அம்மக்களால் பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது. அந்த நினைவே அவர்களின் பலமாயிற்று.

2. அல்ப்ஸ் மலையில் ஓர் ஊர்

நம்மவர் பலர் குடியேறியுள்ள சுவிற்சர்லாந்தில், வலே மாநிலத்து மலைச்சரிவில் தோர்பெல் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரார் 1483இலேயே மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் பொதுவில் பேணுவதற்குச் சங்கம் அமைத்து, விதிகளை எழுதி வைத்தனர். குளிர்காலத்தில் ஒருவர் தன் தீவனத்தைக் கொண்டு எத்தனை பசுக்களைக் காக்க முடியுமோ, அத்தனையை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்பது 1517ஆம் ஆண்டின் விதி.

அமெரிக்க மானிடவியலாளர் றொபேட் நெற்றிங் இவ்வூரைப் பற்றி 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைக் குறித்த பங்குப் பதிவேடுகளே பல தலைமுறைகளின் வாழ்வை அவருக்குக் காட்டின.

இத்தகைய ஒழுங்கு நமக்கும் புதிதல்ல. சிறுபோகத்தில் நீர் குறைந்தால் குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் பங்கிட்டு விதைப்பதும், துருசு திறக்கும் நாளைக் கூட்டத்தில் தீர்மானிப்பதும் அதே ஞானம்தான். வேறுபாடு ஒன்றே: அவர்கள் எழுதி வைத்தார்கள், நாம் பெரும்பாலும் நினைவில் வைத்தோம். இடம்பெயர்வு நினைவைச் சிதறடித்துவிடும்.

3. எவற்றைத் தேடலாம்?

காணி உறுதி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப் பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைச் சேர்வுப் பதிவேடு, ஞானஸ்நான மற்றும் விவாகப் புத்தகங்கள், கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்புகள், நில அளவைப் படம், கலியாண வீட்டுப் பழைய புகைப்படம்: இவை ஒவ்வொன்றும் சாட்சி. ஊர் வரலாறு காணி உறுதிக்கு ஈடாகாது என்பதை மறவாதீர்கள். ஆனால் உறுதி தொலைந்த குடும்பம் எங்கே, எந்த ஆண்டு முதல் வாழ்ந்தது என்பதைக் காட்ட இவை உதவும்.

4. உண்மையை எழுதுவோம்

நமது துன்பத்தை மட்டும் எழுதினால் வரலாறு அரைகுறையாகும். 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலியின் அயலூர்கள் வெறிச்சோடின. அவர்களுக்கும் குளமும் வயலும் அம்மம்மாவும் இருந்தார்கள். எல்லை பற்றிய பிணக்கு வரும்போது, இருபக்க முதியோரும் சேர்ந்து சொன்ன வரலாறே நிலைக்கும்.

குழுவாகச் செய்ய:

அ. ஒரு பெரிய தாளில் ஊரின் படத்தை முதியோர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரையட்டும். குளக்கட்டு, துருசு, வாய்க்கால், கிணறு, ஒழுங்கை, பெரிய மரங்கள் யாவும் பெயருடன் இடம்பெறட்டும்.

ஆ. பெண்களைத் தனியாகவும் கேளுங்கள். எந்தக் கிணறு நன்னீர், எந்தக் காணி யாருக்குச் சீதனமாகப் போனது என்பதை அவர்களே நன்கறிவர்.

இ. சொன்னவர் பெயரையும் திகதியையும் குறியுங்கள். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

ஈ. பத்திரங்களைப் பிரதி எடுத்து, மூலத்தை ஓரிடத்திலும் பிரதியை வேறோரிடத்திலும் வையுங்கள். மீண்டும் ஓட நேர்ந்தால் ஒன்றாவது மிஞ்சும்.

அடுத்த மாரிக்கு முன் இவ்வேலையைத் தொடங்குங்கள். விதைநெல்லைப் பசியிலும் காத்து வைத்தவர்கள் நாம். ஊரின் நினைவும் விதைநெல்தான்.