ஜார்ஜ்டவுனில் ஒரு நாள் நடை

பினாங்குக்குச் சுற்றுலா செல்வோர் பெரும்பாலும் கொடிமலைக்கே விரைகின்றனர். ஜார்ஜ்டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டுப் பாருங்கள். அச்சாலையின் ஒரு முனையில் 1818-இல் கட்டப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் உள்ளது. சற்று நடந்தால் குவான் யின் ஆலயத்தின் ஊதுவத்திப் புகை கண்ணைக் கரிக்கும். இன்னும் சில அடிகளில் மகா மாரியம்மன் ஆலயத்தின் பின்புறம். 1833-இல் எழுந்த இவ்வாலயத்தின் கோபுரத்தைக் காணக் குயின் தெருவுக்குள் செல்ல வேண்டும். துறைமுகத் தொழிலாளர்களும் வணிகர்களும் அன்று கூடிய இடம் அது. அடுத்து, தென்னிந்திய முஸ்லிம்கள் 1801-இல் நிறுவிய பள்ளிவாசல். நான்கும் பத்து நிமிட நடைக்குள் அடங்கும். காலணியைக் கழற்றி மாட்டத்தான் நேரமாகும்!

தைப்பூசத்திற்கு முதல் நாள் வெள்ளிரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது சீனர்களும் தேங்காய் உடைப்பார்கள்.

யுனெஸ்கோ 2008-இல் இந்நகரை உலக மரபுடைமைத் தளமாக அறிவித்தது. கட்டடங்கள் காக்கப்பட்டன. ஆனால், 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோதே பல பழங்குடும்பங்கள் வெளியேறிவிட்டன. குயின் தெருவில் பூ வாங்கும்போது முதியவர் எவரேனும் இருந்தால், “ஐயா, முன்பு இங்கே யாரெல்லாம் குடியிருந்தார்கள்?” என்று கேளுங்கள்.