நிலக்கீழ் ரயிலும் நகரவாசியின் நேரமும்



ஒரு பெருநகரத்தை அளந்து பார்ப்பதற்கு, அதன் விளிம்பில் குறைந்த வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர் காலையில் வேலைத்தலத்தை அடைய எவ்வளவு நேரமும் எவ்வளவு பணமும் செலவிடுகிறார் என்ற கேள்வியே போதுமானது. அந்தக் கேள்விக்கு மனிதர் கண்ட விடைகளுள் மிகவும் செலவு கூடியது நிலக்கீழ் ரயில். பொருத்தமான இடத்தில் அமைந்துவிட்டால் மிகவும் பயன் கூடியதும் அதுவே. நகரத்தின் வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் அடியில் குடையப்பட்ட சுரங்கங்களில், வேறெந்த வாகனமும் குறுக்கிடாத தனிப்பாதையில், சில நிமிடங்களுக்கு ஒன்றாக ஓடும் மின்சார ரயில் சேவையையே இச்சொல் குறிக்கிறது. சென்னையில் மெட்ரோ என்றும் ரொறன்ரோவில் சப்வே என்றும் மக்கள் அதனை அழைக்கிறார்கள். மன்னார்த் தீவில் வளரும் பிள்ளைக்கு இது தூரத்துப் பொருளாகத் தோன்றலாம். ஆயினும் இக்கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது இலண்டனிலோ பரிஸிலோ ரொறன்ரோவிலோ நாள்தோறும் அதில் ஏறி இறங்குகிறார் என்பதாலும், நாளை கொழும்பின் போக்குவரத்தைத் திட்டமிடுவோருள் மன்னார்ப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பதாலும், அதன் இயல்பை அடிப்படையிலிருந்து அறிந்துகொள்வது அவசியமாகிறது.

உலகின் முதலாவது நிலக்கீழ் ரயிலுக்காக ஓயாது வாதாடியவர் பொறியியலாளர் அல்லர். அவர் இலண்டன் மாநகராட்சியின் சட்டத்தரணியாகப் பணியாற்றிய சார்ள்ஸ் பியர்சன். 1846இல் ஆணைக்குழு ஒன்று நகரின் மையத்துக்குள் புகையிரதப் பாதைகள் நுழையக்கூடாதெனப் பரிந்துரைத்தமையால் பெரிய நிலையங்கள் அனைத்தும் நகரின் ஓரங்களிலேயே நின்றுவிட்டன. வந்திறங்கியவர்கள் மையத்தை அடையக் குதிரை வண்டிகளை நம்பினர், வண்டிகளோ வீதிகளை நிரப்பி ஒன்றையொன்று மறித்தன. பியர்சனின் கவலை இந்த நெரிசலோடு முடியவில்லை. நடந்து செல்லக்கூடிய தூரத்தில் குடியிருந்தாக வேண்டிய தொழிலாளர்கள் நகர மையத்தின் சேரிகளில் அடைந்து கிடப்பதை அவர் கண்டார். மலிவான கட்டணத்தில் விரைவாகச் செல்லும் ரயில் இருக்குமானால் அவர்கள் நகருக்கு வெளியே காற்றும் வெளிச்சமும் உள்ள வீடுகளில் வாழலாம் என்று வாதிட்டார். 1863 ஜனவரி 10ஆம் நாள் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளப் பாதை திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே காலமாகிவிட்டார். எனினும் அடுத்த ஆண்டிலேயே, அதிகாலையில் குறைந்த கட்டணத்தில் ஏற்றிச் செல்லும் தொழிலாளர் ரயில்கள் அப்பாதையில் ஓடத் தொடங்கின. அதே பாதையை அமைப்பதற்காக ஏழைகளின் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன என்பதும் வரலாற்றில் உள்ளது. ஒரு நல்ல திட்டம் யாருடைய வீட்டின் மீது எழுகிறது என்பதைப் போக்குவரத்தைக் கற்கும் மாணவர் ஒருபோதும் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது.

அந்த முதற்பாதையில் நீராவி எஞ்சின்களே ஓடின, எனவே சுரங்கம் புகையால் நிறைந்தது. நிலத்தடியில் ஆழமாக ஓடிய முதலாவது மின்சார ரயில் 1890இல் அதே நகரில் வந்தபோதுதான் நிலக்கீழ் ரயில் வேறு நகரங்களுக்கும் உரியதாயிற்று. 1900இல் பரிஸும், 1904இல் நியூயோர்க்கும், 1954இல் ரொறன்ரோவும் தத்தம் பாதைகளைத் திறந்தன.

சுரங்கம் அமைக்கும் முறைகள் இரண்டு வகையின. முதலாவது, வீதியை நீளவாக்கில் அகழ்ந்து, பாதையையும் நிலையத்தையும் கட்டி, மேலே கூரையிட்டு மீண்டும் வீதியாக்கும் முறை. இதனை அகழ்ந்து மூடும் முறை என்பர். எளிமையானது, ஆனால் கட்டி முடியும்வரை நகரத்தின் அன்றாடத்தை அது குலைத்துவிடும். இந்தியாவின் முதலாவது நிலக்கீழ் ரயிலுக்கு 1972இல் கல்கத்தாவில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1984 ஒக்டோபர் 24ஆம் நாள் முதற்கட்டமாக 3.4 கிலோமீற்றர் மட்டும் திறக்கப்படும்வரை அந்நகர மக்கள் தோண்டப்பட்ட வீதிகளின் நடுவே பல ஆண்டுகள் வாழ நேர்ந்தது. இரண்டாவது, மேற்பரப்பைத் தொடாமல் ஆழத்தில் துளைத்துச் செல்லும் முறை. இதற்கு வழிகாட்டியது கடலில் வாழும் ஒரு சிறு உயிர் என்று கூறப்படுகிறது. மரக்கலங்களின் அடிப்பலகையைத் துளைக்கும் கப்பற்புழு, தலையிலுள்ள ஓட்டால் மரத்தை அரித்தபடியே தனக்குப் பின்னால் துளையின் சுவரைச் சுண்ணாம்புப் படலத்தால் பூசிக்கொண்டு முன்னேறுவதைக் கவனித்த மார்க் புரூனல், அதே ஒழுங்கில் ஓர் இரும்புக் கேடயத்தை அமைத்து, தேம்ஸ் நதிக்கடியில் 1825இல் தொடங்கிய சுரங்கத்தை 1843இல் நிறைவு செய்தார். மர வள்ளங்களைக் கரையேற்றி அடிப்பலகையைப் பழுது பார்த்தறிந்த கரையோர மக்களுக்கு இப்புழுவின் வேலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இன்றைய சுரங்கம் துளைக்கும் இயந்திரமும் இந்த ஒழுங்கிலிருந்து விலகவில்லை. முன்புறத்தில் சுழலும் வட்டத் தகடு மண்ணையும் பாறையையும் வெட்டுகிறது. வெட்டிய மண், தகட்டுக்குப் பின்னுள்ள அறையில் அழுத்தத்துடன் நிறுத்தி வைக்கப்பட்டு, எதிரே உள்ள நிலம் சரியாதபடி தாங்கிக்கொண்டு, அளவாக வெளியேற்றப்படுகிறது. இயந்திரத்தின் வாலில் முன்வார்ப்புக் கொங்கிறீற் துண்டுகள் வளையமாகப் பொருத்தப்பட, அவ்வளையத்தையே உதைத்துக்கொண்டு இயந்திரம் அடுத்த அடியை வைக்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்குரிய இயந்திரங்கள் சிலவற்றுக்குப் பறவைகளின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. 2023இல் கலங்கரை விளக்கத்துக்கு அருகே கடற்கரையில் இறக்கப்பட்ட இயந்திரத்தின் பெயர் ஃபிளமிங்கோ, அதாவது மன்னாரின் வங்காலைச் சரணாலயத்துக்கு வந்து இறங்கும் அதே பூநாரை.

நிலத்தடி வேலையில் மண்ணைவிடப் பெரிய எதிரி நீர். மன்னார்த் தீவில் கிணறு வெட்டியவர்கள் இதனை அறிவார்கள்: மணலுக்குள் சிறிது ஆழத்திலேயே மழைநீரால் ஊறிய நன்னீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். கரையோர நகரமான சென்னையிலும் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தே உள்ளது. அங்கே நிலக்கீழ் நிலையம் ஒன்றைக் கட்டினால், உள்ளே வெறுமையும் சுற்றிலும் நீருமாக அந்தப் பெரும் பெட்டி, வற்றில் தரைதட்டிய வள்ளம் வெள்ளம் ஏறும்போது தானாக எழும்புவதைப் போல, மேல்நோக்கி எழ முயலும். அதனை அடக்குவதற்காகவே ஆழமான பக்கச் சுவர்களும் கனமான அடித்தளமும் அமைக்கப்படுகின்றன. குழி தோண்டும்போது நீரை இறைத்தால் சுற்றியுள்ள வீடுகளின் அத்திவாரம் தாழும், இறைக்காவிட்டால் வேலை நடவாது. சென்னையின் நிலம் களியும் மணலும் கடும் பாறையும் மாறிமாறி வரும் தன்மையுடையது என்பதால் துளைத்தல் இன்னும் கடினமாயிற்று. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் நிலம் திடீரென உள்வாங்கி, ஒரு பேருந்தும் ஒரு காரும் குழிக்குள் இறங்கின. உயிரிழப்பு நேராதது நற்பேறு. நிலத்தடிப் பாதை மேம்பாலப் பாதையைவிடப் பல மடங்கு செலவு கொள்வது ஏன் என்பதற்கு இவற்றுக்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவு செலவும் ஆபத்தும் எதற்காக என்ற கேள்விக்கு ஓர் எளிய கணக்கு விடை தரும். சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரயில் ஒன்றில் நெருக்கடி வேளையில் ஏறத்தாழ 1,200 பேர் செல்லலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடினால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு திசையில் 14,000 பேருக்கு மேல் செல்வர். பேருந்து ஒன்றில் 60 பேர் எனக் கொண்டால், அதே வேலைக்கு மணித்தியாலத்துக்கு 240 பேருந்துகள், அதாவது நிமிடத்துக்கு நான்கு, ஒரே வீதியில் ஒரே திசையில் தடையின்றிச் செல்ல வேண்டும். கார்களால் இதைச் செய்யவே முடியாது. 2015 ஜூனில் மேம்பாலப் பாதையில் தொடங்கி, 2017 மே மாதத்தில் நிலத்துக்குள் இறங்கிய சென்னை மெட்ரோ, 2024ஆம் ஆண்டில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட, அதாவது 100 மில்லியனுக்கும் மேற்பட்ட பயணங்களைக் கொண்டுசென்றது.

எண்ணிக்கையைவிட மதிப்புள்ள பயன், நேரத்தை முன்கூட்டியே சொல்ல முடிதல். மழை பெய்தாலும் வீதியில் ஊர்வலம் போனாலும் நிலக்கீழ் ரயில் குறித்த நிமிடத்தில் வந்துவிடுகிறது. இந்த உறுதி இருக்கும்போதுதான் தூரத்துப் புறநகரில் வாழும் பெண் மாலை வகுப்பில் சேரவும், இரவுப் பணியை ஏற்கவும், வீட்டாரிடம் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் புறப்படவும் முடிகிறது. காரில் செல்பவரும் கூலி வேலைக்குச் செல்பவரும் ஒரே நகரத்தை ஒரே நேரத்தில் கடக்கும் நிலை வேறெந்த ஏற்பாட்டாலும் இவ்வளவு முழுமையாகக் கிட்டுவதில்லை. போக்குவரத்துக்கு அப்பால் இன்னொரு பயனும் உண்டு. போர்க்காலத்தை மன்னார்ப் பெருநிலப்பரப்பிலும் வன்னியிலும் வாழ்ந்தவர்களுக்கு நிலத்துக்குள் இறங்குதல் என்றால் பதுங்குகுழியே நினைவுக்கு வரும். 1940இல் இலண்டன் மக்களும், 2022இல் கீவ் நகர மக்களும் குண்டுவீச்சுக்குத் தப்பி நிலக்கீழ் நிலையங்களின் மேடைகளிலேயே இரவுகளைக் கழித்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்வது முறையாகும்.

ஆனால் சுரங்கம் மட்டும் நகரத்தைத் திருத்திவிடாது. கட்டணம் கூடுதலாக இருந்தால், எவருக்காகப் பியர்சன் வாதாடினாரோ அவர்களே வெளியே நிற்பார்கள். சென்னையில் அதுவரை 70 ரூபாவாக இருந்த உச்சக் கட்டணம் 2021 பெப்ரவரியில் 50 ரூபாவாகக் குறைக்கப்பட்டதற்கு இக்குறையே காரணம். நிலைய வாயிலிலிருந்து வீட்டு வாசல்வரை நடைபாதை இல்லாவிட்டால் முதியவருக்கு அந்த ரயில் இருந்தும் இல்லாததே. மக்கள் நெருக்கம் குறைந்த இடத்தில் இது வீண் செலவாகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: மன்னார் நகரத்துக்குத் தேவை, நேரத்துக்கு வரும் பேருந்தும் மதவாச்சிப் பாதையில் ஒழுங்காக ஓடும் புகையிரதமுமே.

கொழும்பின் நிலை வேறு. காலை வேளைகளில் வீதிகள் அடைபட்டுக் கிடக்கும் அந்நகரத்துக்கு, மாலபேயிலிருந்து கோட்டைவரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளத்துக்குத் தூண்களின் மேல் செல்லும் இலகு ரயில் பாதை ஒன்று ஜப்பானியக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்டது. இலகு ரயில் என்பது மெட்ரோவைவிடச் சிறிய பெட்டிகளுடன் குறைந்த செலவில் ஓடும் மின்சார ரயில். சதுப்பு நிலங்கள் சூழ்ந்த கொழும்பில் சுரங்கத்தைத் தவிர்த்து உயரத்தில் செல்ல எண்ணியது அறிவுடைய தெரிவு. செலவு கூடியதென்ற காரணத்தால் 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. செலவு பெரிதுதான், ஆனால் நாள்தோறும் வீதியில் இழக்கப்படும் மனித நேரத்தை எதிர்ப்பக்கத்தில் எழுதாமல் பார்க்கப்பட்ட கணக்கு முழுமையான கணக்கு ஆகாது. அந்த முடிவு பிழையானது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

புதிய பாதை இல்லாமலே பயணங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கு மன்னாருக்கே உரிய ஒரு முன்மாதிரி உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு, சென்னை எழும்பூரில் ரயில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் இறங்குதுறையில் மீண்டும் புகையிரதம் ஏறிக் கொழும்புவரை ஒரே பயணச்சீட்டில் செல்ல முடிந்தது. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1990இல் போரினால் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015 மார்ச் 14ஆம் நாளே திரும்பி வந்தது. அந்தப் பழைய பயணத்தில் இந்தியப் பக்கத் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீற்றர், இலங்கைப் பக்கத்தில் 1,676 மில்லிமீற்றர், நடுவே கடல். பாதைகள் ஒன்றோடொன்று பொருந்தவே முடியாதிருந்தும் சீட்டும் நேர அட்டவணையும் பொருந்தின. இன்றைய எழும்பூரிலும் நிலைமை ஒத்ததே: மேலே புறநகர் ரயிலின் தண்டவாளம் 1,676 மில்லிமீற்றர், கீழே 2018இல் திறக்கப்பட்ட நிலக்கீழ் நிலையத்தில் மெட்ரோவின் தண்டவாளம் 1,435 மில்லிமீற்றர், ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஓடாது. ஆயினும் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ ஆகிய மூன்றுக்கும் ஒரே கைபேசிச் செயலியில் சீட்டுப் பெறும் ஏற்பாடு 2025 செப்டெம்பரில் அங்கே வந்துவிட்டது. பேசாலையிலோ முருங்கனிலோ புகையிரதம் ஏறிக் கோட்டையில் இறங்கும் பயணி, அதே சீட்டோடு புறக்கோட்டையில் பேருந்தேறிப் பல்கலைக்கழகத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்லக்கூடிய ஏற்பாட்டைக் கொழும்பு இன்றே தொடங்கலாம். அதற்குச் சுரங்கமும் வேண்டாம், தூணும் வேண்டாம், புகையிரதத் திணைக்களமும் பேருந்துச் சேவைகளும் ஒரே மேசையில் அமர்ந்து வருமானத்தைப் பங்கிட உடன்படுவதே வேண்டும்.