சென்ட்டை மீட்டராக்கும் முன்

நில அளவைக்கும் பத்திரம் எழுதவும் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஓய்வுபெற்ற கிழவன் சொல்வது இது. அலகு மாற்றுவது வெறும் பெருக்கல் என்று நினைத்து வருகிறீர்கள். பெருக்கல் சுலபம். விடையில் எத்தனை இலக்கத்தோடு நிறுத்துவது என்பதில்தான் சிக்கல்.

1. கால்குலேட்டர் காட்டுவதையெல்லாம் எழுதாதீர்கள். பழைய பத்திரத்தில் 2.5 சென்ட் என்றிருக்கிறது. கால்குலேட்டர் 101.17141 சதுர மீட்டர் என்கிறது. அதன் கடைசி இலக்கம் குறிப்பது ஓர் அரிசி படுக்கிற இடம்! சங்கிலி பிடித்து அளந்தவருக்கு அது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியாதது பெருக்கியதால் நமக்குத் தெரிந்துவிடாது.

2. இலக்கங்களை எண்ணினால் மட்டும் போதாது. பள்ளியில் முக்கிய எண்ணுருக்கள் என்று படித்திருப்பீர்கள். 2.5இல் இரண்டு இலக்கம், ஆகவே விடையும் இரண்டு இலக்கம், அதாவது 100 என்று நிறுத்துவீர்கள். பரீட்சையில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் 2.5 என்று எழுதியவர் சொல்ல வந்தது, 2.45க்கும் 2.55க்கும் நடுவில் ஏதோ ஒன்று என்பதை. சதுர மீட்டரில் அது சுமார் 99 முதல் 103 வரை. இரண்டு சதுர மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்றால் 101 என்று எழுதுவதே நியாயம். 101.17 அதிகம், 100 குறைவு. இதையே சதுர அடியாக்கினால் 1089 வரும். அதில் 22 சதுர அடி கூடவோ குறையவோ இடமுண்டு என்பதை மறந்து அந்த 9க்காகச் சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. இலக்கங்களின் எண்ணிக்கையைவிட, பிழை எவ்வளவு என்று பாருங்கள்.

3. பெருக்கும் எண் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது வரையறை, அதில் பிழையே கிடையாது. 1959 முதல் சர்வதேச அடி 0.3048 மீட்டர் என்பதும் அப்படியே. ஹெக்டேருக்கு 2.471 ஏக்கர் என்பது மட்டும் சுருக்கிய எண். அதையும் இரண்டரை என்று வாய்க்கணக்காகச் சுருக்கினால், 12.50 ஹெக்டேர் 30.89க்குப் பதில் 31.25 ஏக்கராகிவிடும். 36 சென்ட் எங்கிருந்து முளைத்தது? அளவில் உள்ளதைவிட ஓர் இலக்கமாவது கூடுதலாக உள்ள எண்ணால் பெருக்குங்கள்.

4. நடுவில் முழுமையாக்காதீர்கள். 30க்கு 40 அடி மனை. 9.1 மீட்டர், 12.2 மீட்டர் என்று பக்கங்களைச் சுருக்கிவிட்டுப் பெருக்கினால் 111.02 வரும். 1200 சதுர அடியை நேராக மாற்றினால் 111.48. ஏறக்குறைய ஐந்து சதுர அடி காணாமல் போய்விட்டது.

5. 30 அடி 6 அங்குலம் என்பது 30.6 அல்ல, 30.5.

6. பூச்சியத்தை மதியுங்கள். மேலே சொன்ன மனையின் அதே 1200, டேப் பிடித்து அங்குலம்வரை பார்த்த அளவா, தரகர் வாயில் வந்ததா? எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 1856இல் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. கணக்கில் வந்தது சரியாக 29,000 என்றும், குத்துமதிப்பு என்று ஊர் நினைத்துவிடுமே என்று இரண்டடி சேர்த்தார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. கட்டுக்கதையாகவே இருக்கட்டும், அந்தப் பயம் நியாயமானது.

7. போன வழியே திரும்பி வராதீர்கள். மூலப்பத்திரத்தில் ஒரு ஏக்கர். அது 40.47 ஏர். பட்டாவில் 40.50 என்று ஏறியிருக்கிறது என்று வையுங்கள். பேரன் அதை மறுபடி சென்ட்டாக்கினால் 100.08. அந்தக் கூடுதல் சுமார் 34 சதுர அடி. பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளிவிட்டார் என்று வழக்குக்குப் போக அது போதும். அதனால் அளந்த அலகை முதலில் எழுதி, மாற்றியதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பின்னால் வருகிறவர் மூல எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்கட்டும்.