முன்பனியும் சம்பா நெல்லும்

விழுப்புரம், திண்டிவனம் பிரதேசங்களில் உறைபனி விழுவதில்லை. எனினும், வடகிழக்குப் பருவமழை இடையில் ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவுகளில், மார்கழிக்கு முன்னரே, கார்த்திகையில் பனி இறங்குவதுண்டு. விடியலில் செஞ்சிக் குன்றுகள் வெண்திரையில் மறையும். சம்பா வயல்கள் வெண்மை பூண்டு விளங்கும். காட்சி இனியதாயினும், அதனால் பயிருக்கு நேரும் தீமையையும் நன்மையையும் விவசாயிகள் அறிதல் அவசியம்.

தீமையாவது குலைநோய். இதனை உண்டாக்கும் பூஞ்சணத்தின் வித்துக்கள் ஈரமான இலையில் முளைக்கின்றன. இரவு குளிர்ந்து, இலை சுமார் 10 மணி நேரம் நனைந்திருப்பின் நோய் விரைந்து பரவும். நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுமுள்ள, கண் போன்ற புள்ளிகளே அதன் அடையாளம். கதிரின் கழுத்தைத் தாக்கினால் மணிகள் பதராகும்.

நன்மையும் உண்டு. மற்ற வேளையில் கண்ணுக்குப் புலப்படாத சிலந்தி வலைகள் அப்போது பனித்துளி கோத்துத் தெரியும். சிலந்திகள் தத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் உண்பவை. சிறகு நனைந்து பறக்கமாட்டாத பூச்சிகளைக் கரிச்சான் குருவிகளும் கவர்ந்து தின்னும்.

ஆகவே, வெயில் ஏறுமுன் வயலைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். வலைகள் மிகுந்த வயலில் அவசரப்பட்டுப் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. தெளித்தால் சிலந்திகளும் மடியும். குலைநோய்ப் புள்ளி கண்டவிடத்து யூரியா மேலுரத்தை நிறுத்துக. தழைச்சத்து மிகுந்தால் நோயும் மிகும். வரப்பிலுள்ள புற்களை அகற்றுக. கரிச்சான் அமர வயலில் கவைக்குச்சிகள் நடுக. நோய் பரவும் கிராமங்களின் அதிகாரிகள் வேளாண்மை விரிவாக்க மையத்திற்குத் தாமதமின்றி அறிவித்தால், அண்டை வயல்களைக் காத்தல் எளிதாகும்.