கோடையில் கல்லூரித் தோட்டம்

முன்னுரை

வேனிலின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. நெய்தலும் அவ்வாறு பாலையாகுமா? செங்கற்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரையுள்ள கல்வி வளாகங்களில் தோட்டம் பேணுவோர் சித்திரைதோறும் எதிர்கொள்ளும் வினா இது. இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணும் நீரும்

இப்பகுதி தன் மழையில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகிறது. மழை ஓய்ந்தபின் ஏரிகள் வற்றத் தொடங்கும். பாலாறு மணலாய்க் கிடக்கும். கடற்கரையிலோ வேறோர் இடர் உண்டு. அங்கு மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருப்பின், அதற்குக் கீழ் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீரே இருக்கும் என்பது நிலநீரியல் கணக்கு. எனவே, ஆழ்துளைக் கிணறுகளால் மேல்மட்டம் சிறிது தாழினும் உவர்நீர் பன்மடங்கு மேலேறும். நம் புல்வெளி பசுமையாய் இருத்தற்பொருட்டு அண்டை வீட்டார் கிணறு உப்பாதல் அறமாகுமோ? மாமல்லபுரத்திற்கு அருகிலுள்ள நெம்மேலியில் 2013ஆம் ஆண்டு முதல் கடல்நீரையே குடிநீராக்கி வருகின்றனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பேணும் முறை

முதலாவது, புல்வெளியைச் சுருக்கி, உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை, பூவரசு, புங்கு ஆகியவற்றை வளர்த்தல்.

இரண்டாவது, உதிர்ந்த சருகை எரிக்காது, மரத்தடியில் மூடாக்காகப் பரப்புதல். வெயில் மண்ணைத் தீண்டாமையால் ஈரம் நிலைக்கும்.

மூன்றாவது, மெருகிடாத மண்பானையைச் செடியருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடுதல். மண் உலர உலர நீர் கசியும். ஈரமிருப்பின் கசிவு குறையும். கி.மு. முதல் நூற்றாண்டில் சீனத்து ஃபான் ஷெங்-சி தம் வேளாண் நூலில் இம்முறையைக் கூறியுள்ளார். மாணவர் ஊர் சென்றுவிட, தோட்டக்காரர் ஒருவரே எஞ்சியிருக்கும் விடுமுறைக்கு இது பெரிதும் ஏற்றது.

நான்காவது, பள்ளிவாசலில் உளூச் செய்த நீரை மரங்களுக்குத் திருப்புதல். சவர்க்காரம் கலவாத அந்நீர் வேர்களுக்குத் தீங்கு செய்யாது.

முடிவுரை

கோடைத் தோட்டத்தின் வெற்றி கோடையில் தொடங்குவதன்று. ஐப்பசியில் நட்ட கன்றே பங்குனிக்குள் வேரூன்றும். மழைநாளில் நிலத்துள் இறக்கிய நீரே வெயில்நாளில் கைகொடுக்கும். மழை பொய்ப்பது நம் கையில் இல்லை. ஆனால், நெய்தல் பாலையாவதும் ஆகாதிருப்பதும் பெரிதும் நாம் இறைக்கும் அளவைப் பொறுத்ததே. இதனை உணர்ந்து நடத்தல் நம் அனைவர்தம் கடமையாகும்.